பேதி மருந்தின் கதை

சபையில் பேசக் கூடாத விஷயங்கள் என்று நம் பெரியவர்கள் ஒரு ஜாபிதா வைத்திருந்தார்கள். அதில் மலச்சிக்கலுக்கு முக்கியமான இடம் உண்டு. ஆனால் நாலு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால், அரைமணி நேரத்துக்குள் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "காலையில் ஒழுங்காகப் போகிறதா?" என்று கேட்பது திருநெல்வேலிச் சீமையில் க்ஷேமம் விசாரிப்பதில் ஒரு பகுதி. ஆகவே, இந்தக் கட்டுரையைச் சாப்பிடும் நேரத்தில் மட்டும் படிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எழுத்துத் தொழில் உட்கார்ந்தே செய்கிற தொழில். வேளைக்குச் சாப்பாடு கிடையாது. வேளை கெட்ட வேளையில் காப்பி மட்டும் உண்டு. அதற்கான பலன் எனக்கும் வந்து சேர்ந்தது. மாதக் கணக்கில் அவஸ்தைப்பட்ட பிறகு ஒரு டாக்டரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு லாக்டுலோஸ் என்ற பாகு மருந்தை எழுதிக் கொடுத்தார். "ராத்திரி படுக்கும்முன் பதினைந்து மில்லி. தண்ணீர் நிறையக் குடியுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும்" என்றார். முதல் இரண்டு வாக்கியங்களும் என் காதில் விழுந்தன. மூன்றாவது விழவில்லை.

விழாததற்குக் காரணம் உண்டு. நான் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தவன். விடியற்காலையில் மூக்கைப் பிடித்து ஊற்றினால் மத்தியானத்துக்குள் கதை முடிந்துவிட வேண்டும். அதுதான் மருந்துக்கு இலட்சணம் என்று மனசில் பதிந்துவிட்டது. பாகு மருந்து முதல் நாள் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் அளவை இரட்டித்தேன். மூன்றாம் நாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் நிலாவாரைப் பொடியும் வாங்கி வந்தேன். பிறகு பலன் கிடைத்தது, ஏராளமாகவே கிடைத்தது. ருசி கண்ட பூனையாக, இரண்டையும் சேர்த்து ஒன்பது நாள் விடாமல் சாப்பிட்டேன். பத்தாம் நாள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தாளம் தப்பி அடித்தது. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு அபாயகரமாகக் குறைந்திருந்தது. இருதயம் ஒழுங்காக அடிப்பதற்கு அந்த உப்பு வேண்டும். பேதியோடு அது வெளியேறும். அது போதாதென்று, இரத்தக் கொதிப்புக்காக இரண்டு வருஷமாக நீர் மாத்திரை ஒன்றும் சாப்பிட்டு வருகிறேன். அந்த மாத்திரையும் பொட்டாசியத்தைச் சிறுநீரில் இறைப்பதுதான். அதை எழுதிக் கொடுத்தவர் வேறு டாக்டர். இவரிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வயிற்றுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன்.

டாக்டர் என் கட்டில் அருகே வந்து நின்றார். "பொடியை யார் சொல்லிச் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லவில்லை. பச்சிலைதானே என்று..."

"அரளியும் பச்சிலைதான்" என்றார்.

சரித்திரக் கதை எழுதுகிற பழக்கம் உள்ளவனைப் படுக்கையில் போட்டால் அவன் புத்தி பின்னோக்கித்தான் நடக்கும். அந்த மூன்று நாளும், வீட்டுக்கு வந்த பிறகு பல வாரங்களும், பேதி மருந்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். என் அசட்டுத்தனம் எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்று தெரிந்துகொண்டதில் கொஞ்சம் ஆறுதல்.

இந்தச் சரித்திரம் மிகப் பழையது. கி.மு. 1550 வாக்கில் எகிப்தில் எழுதப்பட்ட ஏபர்ஸ் சுவடியிலேயே ஆமணக்கு வந்துவிடுகிறது. அதே ஆமணக்கு நம் வீட்டு மாடத்திலும் இருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் 2012ஆம் ஆண்டுதான் துல்லியமாகத் தெரிந்தது. எண்ணெயிலிருந்து பிரியும் ஓர் அமிலம் குடலின் தசையில் உள்ள ஒரு குறிப்பிட்ட ஏற்பியைப் பிடித்து முடுக்குகிறது என்று ஜெர்மனி தேசத்து விஞ்ஞானிகள் கண்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருஷம், காரணம் தெரியாமலே மனித குலம் அதைக் குடித்திருக்கிறது. நல்ல வேளையாக அது பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது.

பொறுத்துக்கொள்ளாத மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் காலமல். பாதரசமும் குளோரினும் சேர்ந்த வெள்ளைத் தூள். 1793இல் அமெரிக்காவின் அப்போதைய தலைநகரமான பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவி, சுமார் 5,000 பேர் மாண்டார்கள். பெரிய மனிதர்கள் ஊரை விட்டு ஓடியபோது, ஓடாமல் நின்று வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்தவர் பெஞ்சமின் ரஷ். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர். அவருடைய தைரியத்தில் யாரும் குறை காண முடியாது. வைத்தியத்தில்தான் குறை. காலமலையும் ஜலப்பா என்ற மெக்சிகோ நாட்டு வேரையும் சேர்த்துக் கொடுத்துக் கடுமையாகப் பேதியாக வைப்பார். மேற்கொண்டு இரத்தத்தையும் கீறி வெளியே விடுவார். நோயாளி துவண்டு போனால், வியாதி இறங்குகிறது என்று அர்த்தம் செய்துகொள்வார்.

வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர் இந்த வைத்தியத்தைக் கிண்டல் செய்து கிழித்தார். ரஷ் மானநஷ்ட வழக்குப் போட்டார், ஜெயித்தார். பத்திரிகைக்காரருக்கு 5,000 டாலர் அபராதம். தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாள் இரவு, மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன் காலமானார். தொண்டை நோயால் அவதிப்பட்ட அவருக்கு வைத்தியர்கள் பலமுறை இரத்தம் எடுத்தார்கள்; காலமலும் கொடுத்தார்கள். சரித்திரம் சில சமயம் கதாசிரியனை வெட்கப்படச் செய்யும் அளவுக்குப் பொருத்தம் காட்டிவிடுகிறது. நான் இதை நாவலில் எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள்.

ரஷ்ஷின் மாத்திரைக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'இடி'. லூயிஸ், கிளார்க் என்ற இருவர் 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் கடந்து மேற்குக் கடல்வரை போய்த் திரும்பினார்கள் அல்லவா? அவர்கள் மூட்டையில் இந்த இடிகள் 600 இருந்தன. இரு நூற்றாண்டு கழித்து, மான்டானா மாநிலத்தில் அவர்கள் கூடாரம் அடித்த இடம் எது என்று ஆராய்ச்சியாளர்கள் தேடினார்கள். 2002இல் ஒரு பழைய கழிப்பிடக் குழியின் மண்ணில் பாதரசம் அகப்பட்டது. 'இங்கேதான்' என்று முடிவு கட்டினார்கள். வீரர்கள் தங்கள் தடத்தைக் கல்வெட்டில் விட்டுப் போவார்கள் என்று படித்திருக்கிறோம். இப்படியும் விட்டுப் போகிறார்கள்.

சிரித்து முடித்தபின் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காலமலைத்தான் இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பொடியாக விற்றார்கள். கையும் காலும் சிவந்து உரிந்து, வெளிச்சத்தைக் கண்டால் கூசி, ஓயாமல் அழுது சில குழந்தைகள் செத்துப் போயின. காரணம் புரியாமல் அதற்கு 'ரோஜா வியாதி' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். 1940களின் பிற்பகுதியில்தான் பாதரசத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. 1954 வாக்கில் அந்தப் பொடிகளிலிருந்து காலமலை எடுத்தார்கள். சீக்கிரமே வியாதியும் காணாமல் போயிற்று. குழந்தைகளுக்குப் பொடி கொடுத்தவர்கள் எல்லாம் பெற்ற தாய்மார்கள்.

இவ்வளவு ஆபத்தை மனிதன் ஏன் விலை கொடுத்து வாங்கினான்? பயம்தான் காரணம். வயிற்றில் மலம் தங்கினால் அதன் விஷம் இரத்தத்தில் ஏறி உடம்பு முழுவதும் கெடும் என்ற பயம். 1887இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் பூஷார் இதைச் சாஸ்திரமாகவே எழுதினார். லண்டனில் சர் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய சர்ஜன் ஒருபடி மேலே போனார். முறிந்த எலும்பைத் தகடு வைத்துப் பொருத்துவதில் நிகரற்றவர். அவர் மலச்சிக்கல் உள்ளவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்துவிடலானார். 1913இல் லண்டன் ராயல் மருத்துவச் சங்கத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. 1919இல் அமெரிக்க வைத்தியர் வால்டர் ஆல்வரெஸ் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். மலம் கழித்தவுடன் தலைவலியும் மந்தமும் நிமிஷத்தில் விலகிவிடுகின்றனவே. இரத்தத்தில் ஏறிய விஷம் என்றால் அத்தனை சீக்கிரமாகவா இறங்கும்? மூன்று வருஷம் கழித்து டொனால்ட்சன் என்பவர், சிலருடைய ஆசனவாயில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே மந்தம் வந்தது. பஞ்சில் ஏது விஷம்? குடல் விம்முவதால் வரும் உபத்திரவம் அது.

ஆனாலும் பயம் போகவில்லை. தினம் ஒரு முறை போயே தீரவேண்டும் என்று இன்றும் நம்புகிறவர்கள்தான் அதிகம். 1965இல் இங்கிலாந்தில் தொழிற்சாலை ஊழியர்களும் மற்றவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை, ஏறக்குறைய எல்லாரும் இந்த எல்லைக்குள் அடங்கிவிட்டார்கள். அப்படியானால் ஒருநாள் தவறியதற்காக மருந்து குடித்தவர்களில் எத்தனை பேர் வியாதியே இல்லாமல் குடித்தார்கள்!

பயம் இருக்கும் இடத்தில் வியாபாரம் வரும். பள்ளிக்கூட ரசாயனக் கூடத்தில் பினாப்தலீன் என்ற சொட்டு மருந்தைப் பார்த்திருப்பீர்கள். காரத்தில் விட்டால் ரோஜா நிறமாகும். அமிலம் சேர்த்தால் நிறம் போய்விடும். கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்த நான், அங்கே உருப்படியாகக் கற்றது இந்த ஒரு வித்தைதான். 1871இல் ஜெர்மானிய ரசாயன மேதை பேயர் தயாரித்த பொருள் அது. 1900 வாக்கில் ஹங்கேரி அரசாங்கம், மட்டமான திராட்சை மதுவை அடையாளம் கண்டுபிடிப்பதற்காக அதில் இதைக் கலக்கச் சொன்னது. கலப்பதால் கெடுதல் உண்டா என்று சோதிக்கும் பொறுப்பு புடாபெஸ்ட் நகரத்து வாமோஷி என்பவருக்கு வந்தது. கெடுதல் என்னவென்று சீக்கிரமே தெரிந்தது. மது குடித்தவர்கள் ஓடினார்கள்!

ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் மருந்துக் கடை வைத்த மாக்ஸ் கிஸ் என்பவர் இதைச் சாக்லேட்டில் கலந்து, 1906இல் 'எக்ஸ்-லாக்ஸ்' என்று விற்க ஆரம்பித்தார். விளக்கெண்ணெயின் குமட்டலிலிருந்து குழந்தைகளுக்கு விமோசனம் கிடைத்தது. தொண்ணூறு வருஷம் உலகம் அதைத் தின்றது. 1990களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கட்டிகள் தோன்றின. புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் 1999இல் அமெரிக்க அரசு அதைப் பேதி மருந்துகளிலிருந்து விலக்கியது. ஒரு தலைமுறைக்குப் பழகிய மருந்து என்பதாலேயே அது நிரபராதி ஆகிவிடாது என்பதற்கு இது சாட்சி.

நிலாவாரையின் கதையையும் சொல்லாவிட்டால் சொந்த ஊருக்குத் துரோகம் செய்தவனாவேன். அரேபியாவிலிருந்து வந்த செடி அது. நம் கரிசல் காட்டில் நன்றாக வேரூன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறி, லண்டன் சந்தையில் 'டின்னவெலி சென்னா' என்ற பெயரோடு எகிப்திலிருந்து வந்த அலெக்சாண்டிரியா சென்னாவுக்குப் போட்டியாக நின்றது. அந்த வட்டாரத்து விவசாயிகள் அதை அவுரி என்பார்கள். நீலச் சாயம் தரும் அவுரி வேறு. இந்த இலையின் சத்து நேராக வேலை செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய், அங்கே வாசம் செய்யும் நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் குடலை முடுக்குகிறது. அதனால்தான் ராத்திரி சாப்பிட்டால் காலையில் பலன். நல்ல மருந்துதான், டாக்டர்களும் கொடுக்கிறார்கள். ஆனால் மருந்து என்பதை மறந்து, டீக்குச் சர்க்கரை போடுவதைப் போலப் போட்டுக்கொண்டேனே, அங்கேதான் தவறு.

லாக்டுலோஸும் அந்த நுண்ணுயிர்களை நம்பித்தான் இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையை மாற்றிச் செய்தது. சிறுகுடல் அதைக் கிரகிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகிறது. நிதானமான காரியம், ஆகவே ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். சாட்டையால் அடித்து மாட்டை ஓட்டுவது ஒன்று. பாதையைச் செப்பனிடுவது ஒன்று. நான் பாதை போடுகிறவனைச் சாட்டை எடுக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டேன்.

டாக்டர் சீட்டு இருந்தால்தான் மருந்து என்ற ஏற்பாடே இத்தகைய அனுபவங்களால் வந்தது. நம் தேசத்து மருந்து விதிகள் 1945இல் ஏற்பட்டவை. அமெரிக்காவில் சீட்டு மருந்து எது, சீட்டில்லா மருந்து எது என்று தெளிவாகப் பிரித்த சட்டம் 1951இல் வந்தது. அதைக் கொண்டுவந்த டர்ஹாம், ஹம்ப்ரி இருவருமே மருந்துக் கடை அனுபவம் உள்ளவர்கள்.

சீட்டு மட்டும் போதுமா? சிசாப்ரைடு என்ற மாத்திரையின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1993இல், இரவில் வரும் நெஞ்செரிச்சலுக்கென்று அனுமதி பெற்றது. குடலை நகர்த்தும் சக்தி உண்டு என்பதால் டாக்டர்கள் மலச்சிக்கலுக்கும் எழுதினார்கள். சில நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளோடும் காளான் நோய் மருந்துகளோடும் சேர்ந்தால், இது உடம்பில் தேங்கி இருதயத்தின் தாளத்தைக் கெடுத்தது. எச்சரிக்கைக் கடிதங்கள் போயின. 1998இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் அச்சாயிற்று. பிறகு ஆராய்ந்து பார்த்ததில், சேர்க்கக் கூடாத மருந்தோடு சேர்த்து எழுதுவது ஏறக்குறைய முன்போலவே நடந்துகொண்டிருந்தது! 1999 முடிவதற்குள் 80 மரணங்கள் பதிவாகியிருந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வேறு மருந்து சாப்பிட்டவர்கள், அல்லது முன்பே அபாயத்துக்கு இடமுள்ள உடம்புக்காரர்கள். 2000இல் மாத்திரை அங்கே சந்தையை விட்டுப் போயிற்று. இந்தியாவில் 2011இல் தடை செய்தார்கள்.

இதைப் படித்தபோது என் நீர் மாத்திரை ஞாபகம் வந்தது. டாக்டருக்குத் தெரியாத ஒரு மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் எந்தப் புஸ்தகத்தில் போய்ப் பார்ப்பார்?

இப்போது டாக்டரிடம் போகும்போது ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போகிறேன்: நீர் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம், சத்து மாத்திரை உட்பட. இரும்புச் சத்து மாத்திரைகளும், அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்துகளும் தாங்களே மலச்சிக்கலை உண்டாக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மருந்துக்கு மருந்து விதி மாறும். லினாக்ளோடைடு என்ற புது மருந்தைக் காலை ஆகாரத்துக்கு அரைமணி முன்னால், வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். அதைச் சின்னக் குழந்தைகள் கையில் படாமல் வைக்க வேண்டும். லாக்டுலோஸில் கொஞ்சம் சர்க்கரைகள் கலந்திருக்கும். நீரிழிவுக்காரர் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரிப்பட்ட அளவு நமக்குச் சரிப்படும் என்று சாஸ்திரம் இல்லை. பலன் தாமதித்தால் டாக்டரைக் கேட்பது. பேதி அதிகமானால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்பது. இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடம்பு இளைத்தாலோ மருந்துக் கடையில் நிற்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கற்ற பாடம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அது என் பாடமல்ல, என் ஆச்சியின் பாடம்.

ஆச்சிக்கு என் தகப்பனாருக்கு முன் ஒரு பிள்ளை இருந்தான். எனக்குப் பெரியப்பா ஆகியிருக்க வேண்டியவர். பத்து வயதில் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தான். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, சாயங்காலம் வலது பக்கம் இறங்கிற்று. வாந்தியும் எடுத்தான். மலம் கட்டியிருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆச்சி தன் கையாலேயே விளக்கெண்ணெய் புகட்டினாள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டான்.

அது குடல்வால் அழற்சி என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் விவரம் கேட்டுச் சொன்னார். வீங்கிய குடல்வாலோடு இருக்கும் குடலைப் பேதி மருந்தால் முடுக்கினால் அது வெடித்துவிடக் கூடும். 1930களில் இதே பிலடெல்பியாவில், ரஷ் இடி மாத்திரை கொடுத்த ஊரில், வயிற்றுவலிக்குப் பேதி மருந்து கொடுக்காதீர்கள் என்று வைத்தியர்கள் ஊரெங்கும் பிரசாரம் செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

எங்களுக்கெல்லாம் மாதம் ஒருமுறை எண்ணெய் கொடுத்தவள் அம்மாதான். அந்த நாளில் ஆச்சி வீட்டில் இருக்கமாட்டாள், கோயிலுக்குப் போய்விடுவாள். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா கிண்ணத்தை எடுக்குமுன், வாசற்படியில் நின்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போவாள்:

"பிள்ளைக்கு வயிறு வலிக்கிதான்னு கேட்டியா?"